உங்களுக்குத் தெரியுமா? எச்.ஐ.வி. தாய்க்கும் தொற்றில்லாத குழந்தை!

● தாய்க்கு எச்.ஐ.வி. இருந்தால் பிள்ளைக்கும் வந்தே தீரும் என்று நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தவறு. சிகிச்சையே எடுக்காவிட்டாலும்கூட 100 குழந்தைகளில் 15 முதல் 45 பேருக்குத்தான் தொற்றுகிறது. முறையாக மருந்து சாப்பிட்டால் 5-க்கும் கீழே. கருத்தரிப்பதற்கு முன்பிருந்தே விடாமல் சாப்பிட்டு, ரத்தத்தில் கிருமி அடங்கியிருந்தால் 1-க்கும் கீழே!

● வயிற்றில் இருக்கும்போது தாயின் ரத்தமும் குழந்தையின் ரத்தமும் நேராகக் கலப்பதில்லை; நஞ்சுக்கொடி நடுவில் நின்று காக்கிறது. ஆபத்து கூடுவது பிரசவத்தின்போது. பனிக்குடம் உடைந்து, தாயின் ரத்தத்திலும் நீரிலும் நனைந்துதானே குழந்தை வெளியே வருகிறது! அதன்பின், தாய்ப்பால் வழியாகவும் தொற்றலாம். தகப்பனிடமிருந்து கருவுக்கு நேரடியாக வராது.

● அமெரிக்காவிலும் பிரான்சிலும் நடந்து 1994-ல் முடிவு வெளியான ஆய்வில் ஜிடோவுடின் என்ற மருந்து, தொற்றை 25.5 சதவீதத்திலிருந்து 8.3-ஆகக் குறைத்தது. இப்போது தாய்க்கு ஆயுள் முழுக்கக் கூட்டு மருந்து, பெரும்பாலும் தினம் ஒரே மாத்திரை. அரசின் ஏ.ஆர்.டி. (எச்.ஐ.வி. கூட்டு மருந்துச் சிகிச்சை) மையங்களில் இலவசம். குழந்தைக்குப் பிறந்ததிலிருந்து குறைந்தது 6 வாரம் நெவிரபின் சொட்டு மருந்து.

● தாய்ப்பாலைவிடக் கவலைப்பட வேண்டியது, தாய்ப்பாலோடு மற்றதையும் கலந்து கொடுப்பதுதான். சேனை வைக்கிறோம் என்று நாக்கில் தடவும் சர்க்கரைத் தண்ணீர், தேன், நடுநடுவே கொஞ்சம் பசும்பால்... இவை பிஞ்சுக் குடலை உறுத்த, கிருமி நுழைய வழி கிடைக்கிறது என்கிறார்கள் மருத்துவர்கள். தாய்ப்பால் மட்டும் குடித்த குழந்தைகளைவிட இப்படிக் கலந்து குடித்த குழந்தைகளுக்கே தொற்று அதிகம் என்று தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் நடந்த ஆய்வுகள் காட்டின. எனவே தாய்ப்பால் கொடுப்பதென்றால், தாய் மருந்தை விடாமல் சாப்பிட்டுக்கொண்டு, முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டுமே! வீட்டுப் பெரியவர்களிடம் இதைக் கண்டிப்பாகவே சொல்லிவிடுங்கள்.

● பிறந்த குழந்தைக்கு வழக்கமான எச்.ஐ.வி. சோதனையில் 'பாசிட்டிவ்' வந்தால் உடனே மனமுடைந்துவிடாதீர்கள். அந்தச் சோதனை தேடுவது எதிர்ப்பொருள்களை; தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருள்கள் 18 மாதம் வரைகூடக் குழந்தையின் ரத்தத்தில் தங்கும். அதனால் 6 வாரத்தில் குதிகாலில் குத்தி, சில சொட்டு ரத்தத்தைத் தனித் தாளில் ஊறவைத்து, உலர்த்தி அனுப்புகிறார்கள். அதில் தேடுவது கிருமியையே.

● தாயிடமிருந்து குழந்தைக்கு எச்.ஐ.வி. பரவுவதை ஒழித்த முதல் நாடு என்று 2015-ல் உலக சுகாதார நிறுவனத்தின் சான்று பெற்றது கியூபா. 2016-ல் தாய்லாந்து, 2019-ல் நம் பக்கத்து இலங்கை.

● கர்ப்பத்தின் மூன்றாம் மாதச் சோதனையில் 'நெகட்டிவ்' வந்த பெண்ணுக்கு அதற்குப் பிறகும் தொற்றலாம். புதிதாகத் தொற்றியவரின் ரத்தத்தில் கிருமி மிக அதிகம். குழந்தைக்கு ஆபத்தும் அதிகம். ஆகவே கணவரும் சோதித்துக்கொள்வது அவசியம். அரசு மருத்துவமனையின் நம்பிக்கை மையத்தில் (எச்.ஐ.வி. சோதனை மையம்) இதற்குக் காசு கிடையாது. சம்மதமின்றிச் சோதிப்பதையும், முடிவை வெளியே சொல்வதையும் 2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டம் தடுக்கிறது. சந்தேகம் கேட்க 1097-க்குப் போன் செய்யலாம்.