கோடை இரவில் குழந்தைக்கு என்ன உடுத்துவது?

குழந்தையின் உடலும் வெப்பமும்

பிறந்த குழந்தையின் இயல்பான உடல் வெப்பநிலை 36.5 முதல் 37.5 டிகிரி செல்சியஸ் வரை. பெரியவர்களுக்கும் ஏறத்தாழ இதே அளவுதான். ஆனால் வெப்பம் கூடினாலும் குறைந்தாலும் அந்த அளவிலேயே நிற்கும் திறன் குழந்தைக்கு இன்னும் வந்திருக்காது. எடையோடு ஒப்பிட்டால் குழந்தையின் தோல்பரப்பு பெரியவர்களுக்கு இருப்பதைவிட இரண்டு மடங்குக்கும் மேல். எனவே குளிர்ந்த அறையில் சட்டென்று குளிர்ந்துவிடும், புழுக்கமான அறையில் சட்டென்று சூடேறிவிடும். வியர்வைச் சுரப்பிகளும் முழுமையாக வேலை செய்யத் தொடங்கியிருக்காது. குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு முதல் சில நாட்களில் வியர்ப்பதே அரிது. புழுக்கம் தாங்காமல் போர்வையை உதறித் தள்ளவும் கைக்குழந்தையால் முடியாது.

அளவுக்கு மீறிய சூடு வெறும் அசௌகரியம் அல்ல. ஓராண்டுக்கு உட்பட்ட குழந்தைகள் காரணம் தெரியாமல் உறக்கத்திலேயே இறந்துபோவதற்கு வழிவகுக்கும் காரணிகளில் கனத்த உடை, போர்வை, காற்றோட்டமில்லாத சூடான அறை ஆகியவையும் உண்டு. குப்புறப் படுக்கவைப்பது அவற்றில் முக்கியமானது. மல்லாக்கப் படுக்கவைக்கும்படி அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர்கள் சங்கம் 1992-இல் பரிந்துரைத்த பின் அந்நாட்டில் இத்தகைய மரணங்கள் வெகுவாகக் குறைந்தன.

எத்தனை அடுக்கு?

அதே அறையில் ஒரு பெரியவருக்கு எத்தனை அடுக்கு உடை போதுமோ, அதைவிட ஓர் அடுக்குக்கு மேல் குழந்தைக்குக் கூடுதலாகப் போடக்கூடாது என்பது மருத்துவர்கள் சொல்லும் பொது அளவு. இதில் 'ஓர் அடுக்கு கூடுதல்' என்பது மேல்வரம்பே தவிர கட்டாயமில்லை. வீட்டில் எல்லோரும் பனியனும் லுங்கியுமாகப் படுக்கும் கத்திரி வெயில் இரவில் குழந்தைக்கு மெல்லிய கையில்லாத ஜபலாவும் ஒரு லங்கோடும் போதும். புழுக்கம் மிகுந்தால் ஜபலாவும் வேண்டாம், லங்கோடு மட்டும் இருந்தால் தவறில்லை.

இணையத்திலும் வெளிநாட்டுப் புத்தகங்களிலும் காணும் உறக்க உடைப் பட்டியல்களை அப்படியே பின்பற்றுவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. குழந்தை உறங்கும் அறை 16 முதல் 20 டிகிரிக்குள் இருக்கவேண்டும் என்பது பிரிட்டனில் வழங்கும் அறிவுரை. மே மாதத்தில் சென்னையிலோ வேலூரிலோ கான்கிரீட் தளத்துக்குக் கீழுள்ள அறை நள்ளிரவிலும் 30 டிகிரியைத் தாண்டி நிற்கும். அங்கே முழுக்கை உடைக்கும் தூங்குபைக்கும் வேலையில்லை.

துணி

பருத்திதான் சிறந்தது, அதிலும் பலமுறை துவைத்து மெலிந்த பருத்தி. மல் துணியும் பழைய காட்டன் சேலையைக் கிழித்துத் தைத்த சட்டையும் வியர்வையை உறிஞ்சும், காற்றையும் உள்ளே விடும். பரிசாக வரும் உடைத் தொகுப்புகளில் பல பஞ்சுபோல் மெத்தென்று இருந்தாலும் பாலியெஸ்டரால் ஆனவை. அவற்றைப் படம் எடுக்கப் போட்டுவிட்டு எடுத்து வைத்துவிடலாம்.

பிளாஸ்டிக் அடிப்புறம் கொண்ட டயப்பர் இடுப்பைச் சுற்றிச் சூட்டைத் தேக்கும். வெயில் காலத்தில் பகலிலாவது துணி லங்கோடு நல்லது. இரவில் டயப்பர் கட்டினால் மேலே கால்சட்டை தேவையில்லை. குழந்தைக்கு அடியில் விரிக்கும் ரப்பர் ஷீட்டும் சூட்டைத் தேக்கும். அதன்மேல் பருத்தித் துணியை இழுத்துச் செருகி விரித்தால் முதுகு வேகாது.

குல்லாவும் கையுறையும்

பிறந்த குழந்தையின் உடற்பரப்பில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு தலைதான். உடல் சூட்டை வெளியேற்றும் பெரிய வழியும் அதுவே. பிறந்த முதல் சில மணி நேரம் உடல் குளிராமல் இருக்க மருத்துவமனையில் குல்லா போடுவது சரி. அதே குல்லாவை வீட்டுக்கு வந்த பிறகும் வாரக்கணக்கில் கோடையில் போட்டுத் தூங்கவைப்பது அந்த வழியை அடைப்பதாகும். நழுவி முகத்தை மூடும் ஆபத்தும் அதில் உண்டு. 'காத்து அடித்துவிடும்' என்ற அச்சமே பெரும்பாலும் இதற்குக் காரணம். கையுறைக்குப் பதில் நகத்தை வெட்டிவிடலாம். கழுத்துச் சங்கிலி, கயிறு, ஊக்கு குத்திய தாயத்து ஆகியவை உறங்கும்போது இருக்கக்கூடாது.

குறைமாதக் குழந்தைக்கும் எடை குறைந்த குழந்தைக்கும் உடை பற்றி மேலே சொன்ன பொது அளவு பொருந்தாது. அவர்களுக்கு எவ்வளவு உடை என்பதை மருத்துவரே சொல்லவேண்டும்.

காற்றும் படுக்கையும்

மின்விசிறிக் காற்றால் சளி பிடிப்பதில்லை, சளி கிருமிகளால் வருவது. முகத்தில் நேராக அறையாமல் விசிறி ஓடலாம். ஏசி இருந்தால் 24 முதல் 26 டிகிரி போதுமானது. அப்போது ஜபலாவின் கை நீண்டிருக்கலாம், ஆனால் போர்வை வேண்டாம். கொசுவுக்காகக் கனத்த உடையால் மூடுவதைவிடக் கொசுவலை கட்டுவது மேல்.

தூளியின் இரு பக்கமும் சேர்ந்து மூடிக்கொண்டால் உள்ளே காற்று நுழையாது, தாடை மார்பில் மடிந்து மூச்சும் தடைப்படலாம். நீண்ட உறக்கத்துக்குச் சமதளமான, அழுந்தாத படுக்கையே பாதுகாப்பு.

வேர்க்குரு

வியர்வைக் குழாய் அடைபட்டால் கழுத்து மடிப்பிலும் முதுகிலும் வேர்க்குரு வரும். எண்ணெயைத் தடவினால் அடைப்பு கூடும். பவுடர் மடிப்புகளில் கட்டிபிடிக்கும், மூச்சோடு நுரையீரலுக்குள்ளும் போகும். ஈரத்துணியால் துடைத்து, உடையைக் குறைத்து, காற்றுப்படவிட்டால் பெரும்பாலும் தானே மறையும்.

சூடேறியதை அறிவது எப்படி?

கைகால்கள் இயல்பாகவே சற்றுக் குளிர்ந்திருக்கும், அதை நம்பி உடையைக் கூட்டக்கூடாது. பிடரியையும் மார்பையும் தொட்டுப் பார்க்கவேண்டும். அங்கே வியர்த்தோ கொதித்தோ இருந்தால், முகம் சிவந்தால், மூச்சு வேகமானால் உடனே உடையைத் தளர்த்திப் பால் கொடுக்கவேண்டும். ஆறு மாதம் வரை தண்ணீர் தேவையில்லை. தாய்ப்பாலில் ஏறக்குறைய 88 சதவீதம் தண்ணீரே. வெயில் நாளில் கூடுதல் முறை கொடுத்தால் போதும்.

மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு வெப்பநிலை 38 டிகிரியை, அதாவது 100.4 ஃபாரன்ஹீட்டை எட்டினால், வெயில் சூடுதான் என்று காத்திருக்காமல் மருத்துவரிடம் கொண்டுசெல்லவேண்டும். பால் குடிக்க மறுப்பது, எழுப்பினாலும் துவண்டு கிடப்பது, சிறுநீர் வெகுவாகக் குறைவது ஆகியவை தெரிந்தால் எந்த வயதானாலும் தாமதிக்கக்கூடாது.