அரிசி டின்னில் அந்துப்பூச்சி

சென்ற மழைக்காலத்தில் ஒரு நாள் காலை. அரிசி டின்னைத் திறந்த என் மனைவி, "இங்கே கொஞ்சம் வாங்களேன்" என்று கூப்பிட்டாள். போய்ப் பார்த்தால், ஊரிலிருந்து ரயிலில் கொண்டுவந்த புழுங்கலரிசி நூலாம்படை பிடித்துக் கட்டி கட்டியாகக் கிடந்தது. சாம்பல் நிறப் பூச்சிகள் மூன்று நான்கு பறந்தன. பக்கத்து வீட்டுக்காரர் ஒரு மாத்திரையைக் கொண்டுவந்து, "துணியில் முடிந்து டின்னில் போடுங்கள், எல்லாம் செத்துவிடும்" என்றார். நான் நன்றி சொல்லி, வேண்டாம் என்றுவிட்டேன். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

இதுதான் அரிசி அந்து. அறிவியல் பெயர் கார்சைரா செபலோனிகா. 1866-ல் ஸ்டெயின்டன் என்னும் ஆங்கிலேயர் இதை விவரித்துப் பெயரிட்டார். சிறகை விரித்தால் சுமார் 15 முதல் 25 மில்லிமீட்டர் இருக்கும். மங்கிய சாம்பல் கலந்த பழுப்பு நிறம். புள்ளியோ பட்டையோ கிடையாது. சிறகின் நரம்புகள் மட்டும் சற்றுக் கருத்துத் தெரியும். உட்காரும்போது சிறகுகளை உடம்போடு சுருட்டிக்கொள்வதால் சிறு மரச்சிராய் போலத் தோன்றும். சிறகின் வெளிப்பாதி செம்பு நிறமாக மின்னினால் அது வேறு இனம்.

பறக்கும் பூச்சி தானியத்தைத் தின்பதில்லை. தின்பது அதன் புழுதான். வெளிர் உடல், பழுப்புத் தலை. நூல் விட்டு அரிசிமணிகளைப் பிணைத்து, அதற்குள் இருந்துகொண்டு தின்னும். வெப்பமான நாட்களில் முட்டை பூச்சியாக ஏறக்குறைய ஒன்றரை மாதம் ஆகும். குளிரில் வளர்ச்சி மந்தப்படும்.

ஆசியா, ஆப்பிரிக்கா முதலிய வெப்பநாடுகள் பலவற்றில் இது உண்டு. அரிசி, சோளம், கம்பு, ரவை, வேர்க்கடலை என்று மூட்டை போகுமிடமெல்லாம் இதுவும் போகும். ரயில்வேயில் இருந்த காலத்தில், சரக்குக் கொட்டகைச் சுவர்களில் சாயங்கால வேளைகளில் இவற்றைப் பார்த்திருக்கிறேன். எனவே, "ஊர் அரிசியில்தான் வந்தது" என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆலையிலோ, கிடங்கிலோ, நம் வீட்டுப் பழைய டின்னிலோ ஒட்டியிருந்திருக்கலாம்.

இதனால் ஒரு நன்மையும் உண்டு. ஆய்வுக்கூடங்களில் கம்பு கொடுத்து இந்த அந்தை வளர்க்கிறார்கள். இதன் முட்டைகளில் டிரைக்கோகிராமா என்னும் நுண்ணிய குளவியைப் பெருக்கி, கரும்புத் துளைப்பான் போன்ற பூச்சிகளை ஒழிக்க வயலில் விடுகிறார்கள்.

இனி அந்த மாத்திரை. அது அலுமினியம் பாஸ்பைடு. காற்றின் ஈரம் பட்டாலே பாஸ்பீன் என்னும் கொடிய நச்சுவாயு கிளம்பும். அதற்கு மாற்று மருந்து இல்லை. கிடங்குகளில் பயிற்சி பெற்றவர்கள் கையாள வேண்டிய பொருள் அது. அறைக்குள் குழந்தைகள் தூங்கும் வீட்டில் வைக்கவே கூடாது.

நாங்கள் செய்தது இவ்வளவுதான்: கட்டிகளை அகற்றி, சலித்து, வெயிலில் உலர்த்தினோம். டின்னின் இடுக்குகளைத் துடைத்துக் காயவைத்தோம். இப்போது வாங்கும் அரிசி ஒரு மாதத்துக்கு மட்டுமே. ரவையை ஒரு வாரம் ஃப்ரீசரில் வைத்து எடுக்கிறோம். போனது இரண்டு படி அரிசிதான், போகட்டும்.