சால்வையின் கரை

ஸ்காட்லாந்துக்கு வடக்கே, குளிர்ந்த கடலின் நடுவில், ஷெட்லாந்து என்னும் தீவுக் கூட்டம் உள்ளது. அதன் வடகோடியிலுள்ள அன்ஸ்ட் தீவின் ஸ்திரீகள் பின்னிய கம்பளிச் சால்வைகள் உலகப் பிரசித்தி பெற்றவை. ஆட்டின் கழுத்து ரோமத்தைக் கையால் பறித்து நூற்ற நூல் அவ்வளவு மெல்லியது. முழுச் சால்வையையும் ஒரு கல்யாண மோதிரத்தினுள் இழுத்துவிடலாம். அத்தகைய சால்வைக்கு அழகு தருவது அதன் பல் பல்லான கரையேயாகும்.

கரை வெறும் அலங்காரம் என்று எண்ணுவது தவறு. சால்வையின் ஓரத்துக் கண்ணிகளைச் சாதாரணமாக முடித்துக் கட்டினால் ஓரம் இறுகி, நடுப்பகுதி விரியாமற் போய்விடும். ஆதலால் அக் கண்ணிகளை ஊசியிலேயே விட்டு வைத்து, கரைக்கெனச் சில புதிய கண்ணிகளை ஏற்ற வேண்டும். கரை சால்வைக்குக் குறுக்காக, வெளியே ஒரு வரிசை, உள்ளே ஒரு வரிசையாக வளரும். உள்ளே திரும்பி வரும் ஒவ்வொரு தடவையும், கரையின் கடைசிக் கண்ணியையும் சால்வையின் ஒரு கண்ணியையும் சேர்த்து ஒன்றாகப் பின்னிவிட வேண்டும். தையலே இல்லாமல் இரண்டும் இணைந்துவிடும்.

இங்கே கணக்கு அவசியம். கரையின் 2 வரிசைகளுக்குச் சால்வையின் 1 கண்ணி செலவாகிறது. ஒரு பல்லுக்கு 16 வரிசைகளானால் 8 கண்ணிகள் வேண்டும். 240 கண்ணிகள் கொண்ட பக்கத்துக்குச் சரியாக 30 பற்கள் அமையும். மூலையில் மட்டும் இக் கணக்கு செல்லாது. வெளிவிளிம்பு சுற்றிவர வேண்டிய தூரம் அங்கே அதிகம். எனவே ஒரே கண்ணிக்கு இரண்டு மூன்று தடவை போய்வர வேண்டும். அவசரப்பட்டு இதை விட்ட மாணவிகளின் மூலைகள் கிண்ணம்போல் குவிந்ததை நாம் வகுப்பில் பலமுறை கண்டிருக்கிறோம். கடைசியில் சால்வையை நனைத்து, ஒவ்வொரு பல்லின் நுனியிலும் நூல் கோத்து, மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டுவார்கள். அப்பொழுது எந்தப் பிழையும் மறையாது.

இத்தனை பொறுமைக்கும் கிடைத்த கூலி என்ன? 1851-ம் வருஷம் லண்டன் மகா பொருட்காட்சியில் ஷெட்லாந்துச் சால்வைகளைக் கண்டோர் வியந்தனர். ஆனால் பின்னிய பெண்களுக்கு வியாபாரிகள் பெரும்பாலும் ரொக்கம் கொடுக்கவில்லை. தங்கள் கடையிலுள்ள தேயிலையும் துணியுமே கொடுத்தார்கள். மாவுக்கு வழியில்லாத குடும்பத்தினர் அத் தேயிலையைக் கொண்டுபோய் உணவுக்கு மாற்ற நேர்ந்தது. 1872-ல் வெளியான அரசாங்க விசாரணை அறிக்கையில் அப் பெண்களின் வாய்மொழிகளே இதற்குச் சாட்சியாய்ப் பதிவாகியுள்ளன. அதன் பிறகும் அவ்வழக்கம் உடனே ஒழிந்துவிடவில்லை.

மோதிரத்தினுள் நுழையும் சால்வையைப் புகழ்வது எளிது. அதன் கரையிலுள்ள ஒவ்வொரு பல்லுக்கும் எட்டு முறை போய்த் திரும்பிய கையை நினைப்பதுதான் அரிது. ஒருமுறையேனும் தாமே கரை பின்னிப் பார்த்தவர், அடுத்த தடவை கைவேலைக்காரியிடம் விலை குறைக்கச் சொல்லிப் பேரம் பேசமாட்டார். நம் பெண்கள் பின்னல் கற்க வேண்டுமென்று நாம் விரும்புவது இதற்காகவுந்தான்.