செவிச் செல்வமும் செயற்கைச் செவியும்



திருக்குறளின் 42ஆம் அதிகாரத்துக்குக் 'கேள்வி' என்று பெயர். நூல்களைக் கற்க இயலாதவனும் கற்றவர் சொல்லக் கேட்டு அறிவு பெறலாம் என்று வள்ளுவர் அதில் வழி காட்டுகிறார். பிறக்கும்போதே அந்த வழியும் அடைபட்டிருக்கும் குழந்தையின் நிலை என்ன? அதற்கு விஞ்ஞானம் அளித்துள்ள விடைகளுள் ஒன்று, காக்ளியர் கருவி. அதன் பயனையும் எல்லையையும் இன்று உங்களுக்கு விளக்க விரும்புகிறேன்.

ஒலி அலைகள் செவிப்பறையில் மோதுகின்றன. மூன்று சிற்றெலும்புகள் அந்த அதிர்வை உட்செவிக்குக் கொண்டு செல்கின்றன. அங்கே நத்தைக்கூடு போல, ஏறத்தாழ இரண்டரைச் சுற்றுச் சுருண்டு கிடப்பதே காக்ளியா. அதனுள் இருக்கும் சுமார் 15,000 மயிரணுக்கள் அதிர்வை மின்குறிப்பாக மாற்றிச் செவிநரம்பிடம் ஒப்படைக்கின்றன. இவை அழிந்தால் பறவைகளுக்கு மீண்டும் தோன்றும், மனிதனுக்குத் தோன்றுவதில்லை. பெரும்பாலான மயிரணுக்கள் அழிந்துவிட்ட காதில், ஒலியைப் பெருக்கித் தரும் சாதாரணக் காதுக்கருவியால் விளையும் பயன் மிகச் சிறிது.

அவ்வாறாயின், மயிரணுக்களை விட்டுவிட்டு நரம்பையே மின்சாரத்தால் தூண்டினால் என்ன? 1957இல் பாரிஸ் நகரில் ஜூர்னோ, எய்ரியே என்னும் இருவர் இதைச் செய்து பார்த்தனர். நோயாளி ஒலி இருப்பதை உணர்ந்தார், பேச்சு விளங்கவில்லை. 1978இல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் கிரேம் கிளார்க் என்னும் மருத்துவர் பல மின்முனைகள் கொண்ட கருவியைப் பொருத்தினார். அவருடைய தந்தையார் செவித்திறன் குறைந்தவர். வியன்னாவில் ஹாக்மேயர் தம்பதியரும் அதே காலத்தில் இத்துறையில் உழைத்தனர்.

கருவிக்கு இரு பகுதிகள் உண்டு. காதின் பின்னே அணியும் செயலி, ஒலியை வாங்கி, சுருதி வாரியாகப் பகுத்து, தோலின் வழியே வானொலி அலையாக உள்ளே அனுப்புகிறது. தோலுக்கு அடியில் பதித்த பகுதி அதைப் பெற்று, காக்ளியாவுக்குள் செருகிய 12 முதல் 22 வரையான மின்முனைகளுக்கு அளிக்கிறது. காக்ளியாவின் அடிப்பகுதி உயர்ந்த சுருதிக்கும் நுனிப்பகுதி தாழ்ந்த சுருதிக்கும் உரியது. ஆகவே எந்த முனை தூண்டப்படுகிறதோ அதற்கேற்ற ஒலி மூளைக்கு எட்டுகிறது. ஆயிரக்கணக்கான அணுக்களின் வேலையை இருபதே முனைகள் செய்ய முயல்கின்றன என்பதை நினைவில் வையுங்கள். இதன் சிறப்பும் குறையும் இந்த ஒன்றிலேயே அடங்கியிருக்கின்றன.

நம் சென்னை இத்துறையில் முன்னணியில் நிற்பது. இராஜா அண்ணாமலைபுரத்தில் மருத்துவர் மோகன் காமேஸ்வரன் நிறுவிய ஆராய்ச்சி மருத்துவமனை இச்சிகிச்சையை நாட்டில் பரப்பியவற்றுள் ஒன்று. 2006இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பெற்றது. கருவியின் விலை பல இலட்சம் ரூபாய். ஆயினும் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம், தகுதியுள்ள ஏழைக் குடும்பங்களின் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இதைக் கட்டணமின்றி அளிக்கிறது. கூலி வேலை செய்வோரின் பிள்ளையும் பெறக்கூடிய சிகிச்சையாக இது மாறியிருப்பது சிறு செய்தி அன்று.

ஏன் அந்த வயது வரம்பு? முதல் மூன்றாண்டுகளில் மூளை ஒலிக்கு ஏங்கி நிற்கிறது. அப்போது ஒலி கிட்டாவிடில், கேட்டலுக்குரிய மூளைப் பகுதியைப் பார்வை முதலிய பிற புலன்கள் மெல்லப் பற்றிக்கொள்கின்றன. ஒன்று, இரண்டு வயதில் கருவி பெற்ற குழந்தைகளுள் பலர் ஒத்த வயதினரோடு சாதாரணப் பள்ளியில் பயில்கின்றனர். பிறவியிலேயே கேளாதவர் வளர்ந்த பின் பெற்றால், ஒலி கேட்கும். பேச்சாக விளங்குதல் அரிது. பேசிப் பழகிய பின் செவியிழந்த பெரியவரின் நிலை வேறு. அவர் மூளை முன்பே மொழியை அறியும்.

அறுவை முடிந்து சில வாரங்களுக்குப் பின்பே கருவி இயக்கப்படுகிறது. அன்றே குழந்தை 'அம்மா' என்று அழைக்கும் என எண்ணிப் பெற்றோர் ஏமாறுவதுண்டு. அன்று அது கேட்பது பொருளற்ற ஓசையே. பிறகு மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் பயிற்சி வேண்டும். அடையாற்றில் உள்ள பால வித்யாலயா 1969இல் தொடங்கப்பெற்றது. செவித்திறன் குறைந்த சிறு குழந்தைகளைப் பேசப் பழக்கும் அப்பள்ளியில் தாய்மாரும் உடன் அமர்ந்து கற்கின்றனர். ஆசிரியத் தொழிலில் இருந்தவன் என்ற முறையில் நான் உறுதியாகச் சொல்வேன்: மருத்துவரின் வேலை சில மணி நேரம், தாயின் வேலை பல ஆண்டுகள். தொலைவிலுள்ள சிற்றூரிலிருந்து நாட்கூலியை இழந்து பயிற்சிக்கு வரும் தாய் நடுவில் நின்றுவிட்டால், அத்தனை செலவும் வீணாகும்.

வேறு இடர்களும் உள்ளன. செயலிக்கு மின்கலம் வேண்டும். வியர்வையும் ஈரமும் அதற்குப் பகை. பழுதானால் புதிய பகுதியின் செலவு குடும்பத்தை வாட்டும். இரைச்சல் மிகுந்த வகுப்பறையில் ஆசிரியரின் குரலைப் பிரித்தறிவது கடினம். 'படம்', 'பாடம்' என்னும் குறில் நெடில் வேறுபாட்டைக் காட்டிலும், ல, ள, ழ வேறுபாடு நுட்பமானது. பொறுமையாகப் பயிற்ற வேண்டும். இசையிலும் அப்படியே. மயிலாப்பூர்ச் சபையில் மிருதங்கத்தின் தாளம் இவர்களுக்கு நன்கு எட்டும். இராகத்தின் நுண்ணிய அசைவு எளிதில் எட்டாது.

கருவி பொருந்தாதோரும், அதை விரும்பாதோரும் உண்டு. அவர்களுக்குச் சைகைமொழி ஒரு முழுமையான மொழி; 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் அதன் பயன்பாட்டை ஊக்குவிக்கச் சொல்கிறது. நான் வாழும் கோபாலபுரத்துக்கு அண்மையில், ஜெமினி மேம்பாலப் பக்கம், லிட்டில் பிளவர் கான்வென்ட் பள்ளி மாணவியர் விரல்களால் உரையாடிச் செல்வதைக் கண்டிருக்கிறேன். அவர்கள் உரையாடலில் எவ்விதக் குறையும் இல்லை.

மாணவர்களே! நெருங்கிய உறவில் மணம் புரிவது பிறவிச் செவிடு நேரும் வாய்ப்பை மிகுவிக்கிறது. கருவுற்ற தாய்க்கு வரும் ருபெல்லா காய்ச்சலும் குழந்தையின் செவியைக் கெடுக்கும். 2017இல் தமிழ்நாட்டில் தட்டம்மை–ருபெல்லா தடுப்பூசி இயக்கம் நடந்ததற்கு அதுவும் ஒரு காரணம். உங்கள் வீட்டிலோ தெருவிலோ, கதவு படாரென்று சாத்தும் ஓசைக்கும் திடுக்கிடாத குழந்தையைக் கண்டால், 'வளர்ந்தால் சரியாகிவிடும்' என்று பெரியவர்கள் சொல்லக் கூடும். பணிவாக மறுத்து, அக்குழந்தையை அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லச் சொல்லுங்கள். பிறந்த ஒரு மாதத்துக்குள்ளேயே செவியைச் சோதிக்க முடியும். தவறவிட்ட அந்த முதல் மூன்று ஆண்டுகளை எந்தக் கருவியாலும் திருப்பித் தர இயலாது.