ரயில் தூரத்தில் ஒரு காடு

ஞாயிறு வந்தால் மாட்டுங்காவில் கோயில், செம்பூரில் உறவினர் வீடு, மிஞ்சினால் ஜூஹு கடற்கரை. மும்பை வாழ் தமிழ்க் குடும்பங்களின் விடுமுறை பெரும்பாலும் இப்படித்தான் கழிகிறது. நார்வேயின் ஆஸ்லோ நகரில் குளிர்காலத்தில் மக்கள் பனிச்சறுக்குக் கட்டைகளுடன் ரயிலேறி, ஊரையொட்டிய காட்டுக்குக் குடும்பத்தோடு போகிறார்கள். நமக்குப் பனி இல்லை. ஆனால் ரயில் தூரத்தில் காடு உண்டு. அதுதான் போரிவ்லியில் உள்ள சஞ்சய் காந்தி தேசியப் பூங்கா. 100 சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்ட பரப்பு!

தாராவி அன்பர்கள் மாஹிமிலும், மாட்டுங்கா அன்பர்கள் மாட்டுங்கா ரோடிலும் ரயில் ஏறலாம். செம்பூரிலிருந்து வருவோர் குர்லாவிலும் தாதரிலும் மாற வேண்டும். போரிவ்லியில் கிழக்குப் பக்கம் இறங்கினால் பூங்கா வாசல் நடை தூரம்தான். திங்கட்கிழமை விடுமுறை.

வாசலிலிருந்து கன்ஹேரி குகைகள் வரை ஏறக்குறைய 6 கிலோமீட்டர். மரநிழலில் தார்ச்சாலை, கடைசியில்தான் சற்று ஏற்றம். 'கிருஷ்ணகிரி' என்ற பெயரே கன்ஹேரி என்று திரிந்தது; கருமலை என்று பொருள். இந்தக் கரும்பாறையில் பௌத்தத் துறவிகள் 100-க்கும் மேற்பட்ட குகைகளைக் குடைந்திருக்கிறார்கள். குகைகளின் அருகே பாறையில் வெட்டிய தொட்டிகளைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். மழைநீர்ச் சேமிப்பு அன்றே இருந்தது!

சரிவுகளில் வளரும் கார்வி என்னும் புதர் நம் குறிஞ்சிக்கு உறவு. குறிஞ்சி 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூப்பதுபோல், இது 8 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும்.

இந்தக் காட்டுக்கும் நமக்கும் இன்னொரு தொடர்பும் உண்டு. 1860-இல் கட்டி முடிக்கப்பட்ட விஹார் ஏரிக்கு இங்கிருந்துதான் நீர் வருகிறது. ஏரி நிரம்பி வழிந்தால், அந்த நீரே மித்தி நதியாகித் தாராவி ஓரமாக ஓடி மாஹிமில் கடலில் கலக்கிறது. 2005 ஜூலை 26 அன்று ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டி மித்தி பெருகியதை நம்மில் பலர் மறக்க முடியாது. மரமும் மண்ணும் மழையை உறிஞ்சி மெல்ல விடுகின்றன. அவை குறைந்தால் வெள்ளம் விரைந்து வரும். ஆகவே போரிவ்லியில் வெட்டப்படும் மரம் தாராவிக்காரரின் கவலையும்தான்.

சில எச்சரிக்கைகள்: இது சிறுத்தைகள் வாழும் காடு. கூட்டமாக நடங்கள், குழந்தைகளை முன்னே ஓடவோ பின்தங்கவோ விடாதீர்கள். பொழுது சாயுமுன் திரும்பிவிடுங்கள். அனுமதியும் வழிகாட்டியும் இன்றி ஒற்றையடிப் பாதைகளில் நுழைய வேண்டாம். புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு போகலாம். எவர்சில்வர் டப்பாவில் எடுத்துப் போங்கள். குரங்குகளுக்கு ஒரு பருக்கைகூடப் போடாதீர்கள். பழகிவிட்டால் பையைப் பறிக்கும்.

ஊருக்குப் போனால்தான் மலையும் காடும் என்று நம் பிள்ளைகள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். வருகிற குளிர்காலத்தில் ஒரு ஞாயிறு காலை அவர்களை அழைத்துப் போங்கள். இதுவும் அவர்கள் ஊர்தான்.