காலுக்கேற்ற செருப்பு

தில்லியில் இரும்புச் சாமான் கடை நடத்தும் என் தந்தையார், தம் சேமிப்பைப் போட்டுப் பெரிய நிர்வாக மென்பொருளொன்றை வாங்க முனைந்தார். "ஒரே கடை, நான்கு ஆட்கள், டாலி போன்ற கணக்கு மென்பொருள் போதுமே, அப்பா! இருப்பு, பாக்கி, ஜி.எஸ்.டி. மூன்றையும் அது கவனிக்குமே!" என்றேன்.

ஆனால், ஆள்தொகை மட்டும் அளவுகோலன்று. பத்துப்பேர் பட்டறையிலும் மூலப்பொருள் பல படிகளில் பண்டமாகுமாயின், கொள்முதலையும் உற்பத்தியையும் இணைக்கும் தொகுப்பு வேண்டும்.

பெரியோரும் இடறுவதுண்டு. 1999-இல் அமெரிக்க ஹெர்ஷி மிட்டாய்க் கம்பெனி, பல மென்பொருள்களை ஒருசேரப் புகுத்தியதால், சரக்கிருந்தும் விழாக்கால ஆர்டர்களை அனுப்ப முடியாமல் தவித்தது.

ஆகவே நண்பர்களே, சரக்கு வந்துபோகும் வழியை முதலில் தாளில் எழுதுங்கள். பிறகு மென்பொருளைத் தேடுங்கள். செருப்புக்காகக் காலை வெட்டுவாருண்டோ?