பழைய வீட்டில் கை வைப்பவர்

காலி மனையில் புது வீடு எழுப்புவதைக் காட்டிலும், நாற்பது ஐம்பது வருஷங்களாகக் குடியிருந்துவரும் வீட்டைப் பிரித்துப் புதுப்பிப்பது கடினமான காரியம் என்பதை, அந்தக் காரியத்தில் இறங்கிய பிறகுதான் நம்மில் பெரும்பாலோர் உணர்கிறோம். புது வீட்டில் அஸ்திவாரம் முதல் கைப்பிடிச் சுவர் வரை எல்லாம் நம் கண்ணெதிரிலேயே உருவாகின்றன. எந்தக் கம்பி எங்கே கிடக்கிறது, எந்தக் குழாய் எந்தச் சுவருக்குள் ஓடுகிறது என்பது கட்டுகிறவருக்குத் தெரியும். பழைய வீட்டிலோ, கட்டிய கொத்தனார் காலமாகியிருப்பார். வரைபடம் கறையானுக்கு இரையாகியிருக்கும். பூச்சுக்குப் பின்னால் இருப்பது நல்ல செங்கல்லா, உதிரும் சுண்ணாம்பா, துருவேறிய கம்பியா என்பது உளி பட்ட பிறகே வெளிப்படும். ஆகவே இந்த வேலைக்கு வரும் காண்டிராக்டரிடம் நாம் எதிர்பார்க்க வேண்டிய யோக்கியதைகளும் சற்று வேறானவை. பளபளக்கும் டைல்ஸையும் வழவழப்பான பெயின்ட்டையும் காசு கொடுத்தால் எவரும் ஒட்டிக்கொடுப்பார், பூசிக்கொடுப்பார். நாளைக்குக் கண்ணில் படாமல் போகப்போகிற இடத்தில் ஒருவர் என்ன செய்கிறார், அதை மூடுவதற்கு முன் வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டுகிறாரா என்பதைக் கொண்டே அவருடைய தரத்தை நிர்ணயிக்க வேண்டும்.

முதல் நாள் வீட்டைப் பார்க்க வரும்போதே ஒருவருடைய போக்கு பெரும்பாலும் புலப்பட்டுவிடும். ஹாலையும் சமையலறையையும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, "சதுர அடிக்கு இவ்வளவு ஆகும் சார், மத்ததெல்லாம் பாத்துப் பண்ணிக்கலாம்" என்று சொல்லிவிடுகிறவர், நாடி பிடித்துப் பார்க்காமலே மருந்து கொடுக்கும் வைத்தியரை ஒத்தவர். நல்லவர் முதலில் மொட்டைமாடிக்கு ஏறுவார். மழைத் தண்ணீர் எங்கே தேங்குகிறது, தட்டோடுகளின் இடுக்கில் எங்கே அரசங்கன்று வேர் விட்டிருக்கிறது என்று பார்ப்பார். கீழே இறங்கி, ஈரம் கோத்த சுவருக்கு மறுபுறம் குளியலறை இருக்கிறதா என்று விசாரிப்பார். கூரையின் அடிப்புறத்தைக் கம்பால் தட்டிக் காது கொடுத்துக் கேட்பார். சந்தேகம் தோன்றிய இடத்தில், "இங்கே ஒரு அடி அகலத்துக்குப் பூச்சை உடைச்சுப் பார்த்துட்டுத்தான் ரேட் சொல்லுவேன்" என்று சொல்லும் துணிவு அவருக்கு இருக்கும். அந்த ஒரு சொல்லே அவருக்குச் சாதகமான சாட்சி.

சுவரை எடுக்கும் விஷயத்தில் இந்த நிதானம் உயிரைக் காக்கக்கூடியது. ஹாலுக்கும் சமையலறைக்கும் இடையிலுள்ள சுவரை நீக்கிவிட்டால் வீடு விசாலமாகும் என்பது இப்போது பலருடைய ஆசை. தூண்களும் பீம்களும் இல்லாமல், ஒன்பது அங்குலச் சுவர்களே கூரையின் பாரத்தைத் தாங்கும்படி கட்டப்பட்ட வீடுகள்தாம் நம் ஊர்களில் ஏராளம். அவற்றிலும் பழையவையாக மயிலாப்பூரிலும் திருவல்லிக்கேணியிலும் எஞ்சி நிற்கும் மெட்ராஸ் டெரஸ் வீடுகளில், தேக்கு உத்திரங்களின் மேல் மெல்லிய செங்கற்களைச் செங்குத்தாக நிறுத்திச் சுண்ணாம்புச் சாந்தால் இணைத்து, அதன்மேல் செங்கல் ஜல்லித் தளமும் தட்டோடும் போட்டிருப்பார்கள். அந்த உத்திரங்களின் முனைகள் அமர்ந்திருப்பதே சுவர்களின் மேல்தான். நாலரை அங்குலத் தடுப்புச் சுவர் என்றால் பெரும்பாலும் எடுக்கலாம். ஒன்பது அங்குலச் சுவர் என்றால், ஸ்டிரக்சுரல் என்ஜினீயரின் எழுத்துமூலமான அபிப்பிராயம் இல்லாமல், முட்டுக் கொடுத்துப் புதுப் பீம் போடாமல், அதில் கை வைக்கவே கூடாது. நம்முடைய ஆசைக்கு உடனே தலையாட்டுகிறவரைக் காட்டிலும், "இது பாரம் தாங்குற சுவர் சார், நான் தொட மாட்டேன்" என்று மறுக்கிறவரே நமக்கு வேண்டியவர்.

அடுத்தது எஸ்டிமேட். "பாத்ரூம் வேலை, மொத்தமாக இவ்வளவு" என்று ஒரு வரியில் எழுதிய காகிதத்தால் எவருக்கும் பிரயோஜனமில்லை. பழைய டைல்ஸை உடைத்து அப்புறப்படுத்துவது, இடிபாடுகளை லாரியில் ஏற்றி அனுப்புவது, நீர்க்கசிவைத் தடுக்கும் பூச்சு, குழாய் வேலை, பூச்சுக் கலவையில் சிமென்ட்டுக்கு மணல் எத்தனை பங்கு, டைல்ஸின் அளவும் கம்பெனியும் என்று ஒவ்வொன்றும் தனித்தனி வரியாக, அளவோடும் விலையோடும் இருக்க வேண்டும். மின்சார வேலையில், விளக்குகளுக்கு 1.5, பவர் பிளக்குகளுக்கு 2.5, ஏ.சி.க்கும் ஹீட்டருக்கும் 4 சதுர மில்லிமீட்டர் ஒயர் என்று குறிப்பிட்டிருந்தால், பின்னால் மெல்லிய ஒயரை இழுத்துவிட்டார்களோ என்று சந்தேகப்பட இடமிராது. பொருளோடு சேர்த்த ஒப்பந்தமா, வெறும் லேபர் காண்டிராக்டா என்பதும் தெளிவாக வேண்டும். எல்லாவற்றையும்விட, உடைத்துப் பார்க்காமல் இப்போது சொல்ல முடியாதவை எவை என்பதை யோக்கியமான காண்டிராக்டர் மறைக்காமல் தனியே எழுதுவார். அவற்றுக்குச் சதுர அடிக்கு இன்ன ரேட், வேலை முடிந்தபின் இருவருமாக அளந்து கணக்குப் பார்ப்பது என்று முன்கூட்டியே பேசி வைப்பார். பழைய வீட்டு வேலையில் தகராறுகள் பெரும்பாலும் கிளம்புவது இந்த இடத்தில்தான்.

பணம் கொடுக்கும் முறையும் வேலையின் நடையோடு ஒத்துப்போக வேண்டும். பாதித் தொகையை முன்பணமாகக் கேட்பவரிடம் ஜாக்கிரதையாக இருப்பதே நல்லது. இடிப்பு முடிந்ததும் ஒரு பங்கு, குழாயும் ஒயரும் சோதிக்கப்பட்டதும் ஒரு பங்கு, பூச்சு முடிந்ததும் ஒரு பங்கு என்று, முடிந்த வேலைக்குப் பின்னால் பணம் போவதே முறை. இறுதியில் நூற்றுக்கு ஐந்தோ பத்தோ நிறுத்திவைத்து, ஐப்பசி கார்த்திகை மழை ஒன்று கழிந்த பிறகு கொடுப்பதாக ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளலாம். பங்குனியில் போட்ட மொட்டைமாடித் தளத்தின் யோக்கியதையைப் பங்குனியில் எவராலும் சொல்ல முடியாது. வடகிழக்குப் பருவமழை தரும் சான்றிதழுக்குக் காத்திருக்கத் தம் வேலையில் நம்பிக்கையுள்ள மேஸ்திரி தயங்க மாட்டார்.

இனி, மறையப்போகிற வேலைகளுக்கு வருவோம். பெசன்ட் நகர், திருவான்மியூர் போன்ற கடலோரப் பகுதிகளில், உப்புக் காற்றும் ஈரமும் கான்கிரீட்டுக்குள் ஊடுருவிக் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்வதும், துருவாகும் இரும்பின் பருமன் பன்மடங்கு பெருகிக் கான்கிரீட்டை உள்ளிருந்து தள்ளுவதும், ஒரு நாள் கூரையின் அடிப்பகுதி பாளம் பாளமாகப் பெயர்ந்து விழுவதும் அடிக்கடி காணக்கூடியவை. இதைச் சரிசெய்ய வந்தவர், விழுந்த இடத்தில் சிமென்ட் கலவையை அப்பிப் பட்டி பூசிவிட்டால், மறுநாள் கூரை புதிதுபோலத் தோன்றும். உள்ளே துரு தன் காரியத்தைத் தொடர்ந்து செய்யும். சில மழைக்காலங்களில் பூசியதும் சேர்ந்து விழும். முறையாகச் செய்பவர் அப்படிச் செய்வதில்லை. தட்டும்போது வெற்றொலி எழும் இடமெல்லாம் நல்ல கான்கிரீட் தட்டுப்படும்வரை கொத்தி எடுப்பார். கம்பியின் முதுகுப்புறமும் விரல் நுழையும்படி திறந்துவிடுவார். கம்பித் தூரிகையால் துருவைத் தேய்த்து, உலோகத்தின் நிறம் தெரியும்வரை விடமாட்டார். தேய்ந்து மெலிந்த கம்பிக்குப் பக்கத்தில் புதுக் கம்பியைச் சேர்த்துக் கட்டுவார். துருத் தடுப்புப் பூச்சு கொடுத்து, பழைய கான்கிரீட்டோடு நன்றாகப் பற்றிக்கொள்ளும் பாலிமர் கலந்த சாந்தால் அடைப்பார். கம்பி சுத்தமாகி, பூச்சு ஏறாமல் இருக்கும் அந்த வேளையில், "வந்து ஒரு தடவை பாருங்க சார்" என்று அவர் நம்மை ஏணிக்கு அருகில் அழைக்கிறாரா என்பதைக் கவனியுங்கள்.

குளியலறைக்கும் இதுபோன்ற ஒரு பரீட்சை உண்டு. நீர்த்தடுப்புப் பூச்சு காய்ந்த பிறகு, டைல்ஸ் ஒட்டுவதற்கு முன், தண்ணீர் வெளியேறும் துவாரத்தை அடைத்து, தரையில் இரண்டங்குல உயரத்துக்குத் தண்ணீர் கட்டி, அதன் மட்டத்தைச் சுவரில் குறித்துவிட்டு, இரண்டு நாள் அப்படியே விட வேண்டும். கீழ்வீட்டுக் கூரையில் ஈரம் தோன்றாமலும், குறித்த மட்டத்துக்கு வெகுவாகக் கீழே தண்ணீர் இறங்காமலும் இருந்தால்தான் டைல்ஸுக்கு அனுமதி. டைல்ஸ் ஒட்டிய பிறகு, நாணயத்தால் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தால், அடியில் சாந்து நிரம்பாதது தன் ஒலியாலேயே தன்னைக் காட்டிக்கொடுக்கும். ஒரு வாளித் தண்ணீரை மூலையில் ஊற்றினால், வாட்டம் சரியாக இருக்கிறதா என்பதும் பிரத்தியட்சமாகிவிடும். சுவருக்குள் புதையும் குழாய்களையும் மூடுவதற்கு முன், பம்ப்பால் நீரழுத்தம் ஏற்றி, மானியின் முள் இறங்காமல் நிற்கிறதா என்று சோதிப்பது வழக்கம். பின்பு சுவரில் ஆணி அடிக்கிறவர் குழாயைத் துளைக்காதிருக்க, திறந்த நிலையிலேயே எல்லாச் சுவர்களையும் புகைப்படம் எடுத்து நம்மிடம் கொடுத்துவிடுவது நல்ல காண்டிராக்டரின் லட்சணம். மெயின் போர்டில் 30 மில்லியாம்பியர் மின்கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. சாதனத்தைப் பொருத்தி, அதிலுள்ள சோதனைப் பொத்தானை நம் எதிரிலேயே அழுத்திக் காட்டுவதும் அவ்வாறே.

அவசரப்படுத்தக் கூடாத வேலையை அவசரப்படுத்தாமல் இருப்பதும் ஒரு திறமைதான். கான்கிரீட்டைச் சாதாரண சிமென்ட்டானால் குறைந்தது ஏழு நாளும், சாம்பல் முதலியன கலந்த சிமென்ட்டானாலும் வெயில் கடுமையான காலமானாலும் குறைந்தது பத்து நாளும் ஈரமாகவே வைத்திருக்க வேண்டும் என்று இந்தியத் தர நிர்ணயத்தின் ஐ.எஸ். 456 விதி வகுத்திருக்கிறது. தண்ணீர் விட ஆள் இல்லை என்று மூன்றாம் நாளே நிறுத்திவிடுகிறவர், நாம் வாங்கிக் கொடுத்த சிமென்ட்டின் பலத்தில் ஒரு பகுதியை வெயிலுக்குத் தானம் செய்கிறார்.

குடும்பம் குடியிருக்கும்போதே வேலை நடப்பதானால், ஒப்பந்தக்காரரின் நடத்தையும் வேலையின் ஒரு பாகமாகிவிடுகிறது. உடைக்கும் அறையின் வாசலைப் பாலிதீன் திரையால் அடைப்பது, தினமும் மாலையில் கூட்டிச் சுத்தம் செய்வது, தண்ணீர் நிறுத்தப்படும் நேரத்தை முந்தின நாளே சொல்வது ஆகியவை சலுகைகள் அல்ல. பழைய பெயின்ட்டைச் சுரண்டும்போது விசேஷ ஜாக்கிரதை அவசியம். வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் பத்து லட்சம் பங்குக்கு 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்னும் விதி 2016-இல் வெளியாகி 2017-இல்தான் அமலுக்கு வந்தது. ஆகவே அதற்கு முந்திய பூச்சுகளில் ஈயம் அதிகமாக இருக்கக்கூடும். அந்தத் தூசி குழந்தைகளின் உடலில் சேர்வது மூளை வளர்ச்சியையே பாதிக்கும். உலர்வாகத் தேய்க்காமல் நனைத்துத் தேய்க்கச் சொல்ல வேண்டும். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்தச் சில நாள் வேறிடத்தில் இருப்பது உத்தமம். சாரத்தில் ஏறும் தொழிலாளிக்குத் தலைக்கவசமும் கயிறும் கொடுக்கிறாரா, தம் ஆட்களைத் தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியத்தில் பதிவு செய்ய வைத்திருக்கிறாரா என்பதையும் கேட்பது நம் கடமை.

இவ்வளவுக்குப் பிறகும் வேலை பாழானால் சட்டம் கைகொடுக்கும். 1993-ஆம் வருஷத்துத் திருத்தத்தின் மூலம் வீடு கட்டித்தரும் பணி நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் ஒரு சேவையாகச் சேர்க்கப்பட்டது. 2019-ஆம் வருஷத்துப் புதிய சட்டமும் அதை நிலைநிறுத்தியிருக்கிறது. கொடுத்த தொகை ஐம்பது லட்சம் வரையானால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே முறையிடலாம். குறை தோன்றியதிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் முறையிட்டுவிட வேண்டும். அங்கே போய் நிற்கும்போது துணைக்கு வருபவை, கையெழுத்திட்ட எஸ்டிமேட்டும், ரசீதுகளும், முன்பு எடுத்து வைத்த புகைப்படங்களுமே, வாய்ப்பேச்சு எடுபடாது.

கடைசியாக, வீட்டுக்காரருக்கும் ஒரு தர்மம் உண்டு. டைல்ஸின் நிறத்தை மும்முறை மாற்றுவதும், எஸ்டிமேட்டில் இல்லாத அலமாரியைப் "போகிற போக்கில்" செய்யச் சொல்வதும், முடிந்த வேலைக்கான பணத்தை இழுத்தடிப்பதும், நல்ல மேஸ்திரியையும் மோசமான மேஸ்திரியாக்கிவிடும். மூன்று எஸ்டிமேட்டுகளில் மிகக் குறைந்ததைக் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பதும் அத்தகைய பிழையே. கம்பியைத் தேய்க்கவும், இரண்டு நாள் தண்ணீர் கட்டிக் காத்திருக்கவும், பத்து நாள் ஈரம் காக்கவும் கூலி உண்டு. அந்தக் கூலி ஒரு எஸ்டிமேட்டில் இல்லையென்றால், அந்த வேலையும் அதில் இல்லை என்றே கொள்ள வேண்டும்.